வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்பவர் இருபத்தேழு வயது சகோதரி. ஊர் நாகர்கோவில் பக்கம், வேலை சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். கோடையில் நடந்த வாலிபர் முகாமில் பிரசங்கியார் ஒருவர் இவரைச் சுட்டிக்காட்டி, "கர்த்தர் உன்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார், தாமதிக்காதே" என்றிருக்கிறார். அன்றிரவே அழுது ஒப்புக்கொடுத்தார். சில மாதங்கள் ஆகிவிட்டன. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். வீட்டுக் கடனில் பாதி இவர் சம்பளத்தில்தான் கட்டப்படுகிறது. "சத்தம் எதையும் நான் கேட்கவில்லை, ஆனால் அந்த எண்ணம் போகவும் இல்லை. இது அழைப்பா, வெறும் உணர்ச்சியா? ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்" என்கிறார்.

சகோதரி, அந்தக் கடிதம் இப்போதைக்கு அப்படியே கிடக்கட்டும். அனுப்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது "தாமதிக்காதே" என்ற அந்த ஒரு வார்த்தைதான். கர்த்தர் அழைக்கிறார் என்று ஒருவர் சொல்வதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் யோசிக்க நேரம் கொடுக்காமல் அவசரப்படுத்துகிற குரலை நான் சந்தேகப்படுவேன். தேவனிடமிருந்து வந்த அழைப்பு காத்திருந்தால் கெட்டுப்போகாது. நாலு பேர் கேள்வி கேட்டால் உடைந்தும் போகாது. இதற்கு மேல் நான் சொல்லப்போவதெல்லாம் ஏறக்குறைய இதன் விளக்கம்தான்.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: பேதுருவும் அந்திரேயாவும் உடனே வலைகளை விட்டுவிட்டுப் பின்சென்றார்களே? சரிதான், மாற்கு முதல் அதிகாரம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் யோவான் முதல் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால் அது முதல் சந்திப்பு அல்ல என்று தெரியும். அதற்கு முன்பே அந்திரேயா இயேசுவிடம் வந்து தங்கியிருக்கிறார், பேதுருவையும் அவரிடம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். வலையை விட்ட சில வசனங்களுக்குள்ளேயே கதை எங்கே போகிறது? சீமோனுடைய வீட்டுக்கு. அங்கே அவன் மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள். வலையை விட்டவன் வீட்டைத் தொலைத்துவிடவில்லை, இயேசுவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான் போனான்.

பவுலுடைய கணக்கு இன்னும் தெளிவு. தமஸ்கு வழியில் அவருக்குக் கிடைத்ததைவிட வெளிப்படையான அழைப்பு வேதத்தில் அபூர்வம். அப்படியிருந்தும் கலாத்தியர் முதல் அதிகாரத்தில் அவரே சொல்கிறார்: அரபிக்குப் போனேன், தமஸ்குவுக்குத் திரும்பினேன், மூன்று வருஷத்துக்குப் பிறகுதான் எருசலேமுக்குப் போனேன். அப்புறம் தர்சுவில் பல வருஷம். அந்தக் காலத்தைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்றும் பேசுவதில்லை. பர்னபா தேடிப்போய்க் கூட்டிக்கொண்டு வருகிறார். அந்தியோகியா சபையில் ஒரு வருஷம் போதிக்கிறார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்புகிறது. அதற்காக அத்தனை நாளும் அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தமஸ்குவிலேயே ஜெபாலயங்களில் பேச ஆரம்பித்துவிட்டார். கையருகே இருந்ததை உடனே செய்தார், தூரத்துக்கு அனுப்பப்பட்டது பிறகு. இந்த வித்தியாசம் உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

அடுத்து, உங்களைச் சுட்டிக்காட்டிய பிரசங்கியார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவர் உண்மையான மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தில் ஆசாரியரான ஏலி என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று பாருங்கள். தன்னைக் கூப்பிடுவது ஏலி என்று நினைத்து, பையன் சாமுவேல் மூன்று முறை எழுந்து ஓடி வருகிறான். ஏலியின் கண்கள் மங்கிவிட்டன, வீடு சீரழிந்து கிடக்கிறது, பிள்ளைகள் காணிக்கையைத் தின்கிறவர்கள். அப்படிப்பட்ட ஏலிக்குத்தான் பிள்ளையாண்டானைக் கூப்பிடுகிறவர் யார் என்று புரிகிறது. புரிந்ததும், "கர்த்தர் உன்னிடம் சொல்லப்போவது இதுதான்" என்று அவர் விளக்கம் கொடுக்கவில்லை. போய்ப் படுத்துக்கொள், மறுபடி கூப்பிட்டால் அடியேன் கேட்கிறேன் என்று சொல் என்கிறார். அவ்வளவுதான். மூத்தவருடைய வேலை கேட்கக் கற்றுக்கொடுப்பது. செய்தியைத் தானே தயாரித்துக் கையில் கொடுப்பது அல்ல.

இதற்கு நேர் எதிரான கதை 1 இராஜாக்கள் பதின்மூன்றில் இருக்கிறது. நம் கூட்டங்களில் அதை அதிகம் பிரசங்கிக்கக் கேட்டதில்லை, ஏன் என்று ஊகிக்கலாம்! தேவனுடைய மனுஷன் ஒருவனுக்குக் கட்டளை தெளிவாக இருந்தது: பெத்தேலில் சாப்பிடாதே, போன வழியாய்த் திரும்பாதே. ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, "எனக்கும் தூதன் சொன்னான், என் வீட்டுக்கு வா" என்று பொய் சொல்கிறான். அதை நம்பிப் போனவன் வழியில் சிங்கத்தால் சாகிறான். பொய் சொன்னவன் கிழவன், செத்தது நம்பினவன். மற்றவருக்குக் கிடைத்த வெளிப்பாட்டை உங்கள் கீழ்ப்படிதலுக்கு ஆதாரமாக வைக்காதீர்கள் என்பதற்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை எனக்குத் தெரியாது. ஒருவர் சொன்ன தீர்க்கதரிசனம் உங்களுக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதை உறுதிப்படுத்தலாம். முகாமுக்கு முன்பே இந்த எண்ணம் இருந்ததா, அல்லது அந்த மேடையில்தான் பிறந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நேர்மையாக உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சத்தம் கேட்கவில்லை என்ற கவலையை விடுங்கள். பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த நெகேமியாவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவர் உட்கார்ந்து அழுதார். கிஸ்லேவு மாதத்தில் அழுதவர் நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறக்கிறார். இடையில் சுமார் நான்கு மாதம் ஜெபமும் திட்டமும். ராஜா கேட்டபோது எவ்வளவு நாள் ஆகும், யாருக்குக் கடிதம் வேண்டும், எவ்வளவு மரம் வேண்டும் என்று எல்லாம் கைவசம் இருந்தது. நம் சபைகளில் "பாரம்" என்று சொல்கிறோமே, அதற்கு இவரைத்தான் நான் உதாரணமாகக் காட்டுவேன்.

நம் பக்கத்திலேயே நடந்தது ஐடா ஸ்கடருடைய கதை. அவர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் இலங்கையிலும் பிறகு சென்னையிலும் வேலை செய்த மருத்துவ மிஷனரி, அப்பாவும் அப்படியே. குடும்பமே மிஷனரிக் குடும்பம் என்பதாலோ என்னவோ, தான் மிஷனரியாக மாட்டேன் என்பதில் ஐடா உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடல்நலமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்தார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இரவோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருகிற பகுதிதான் பெரிது. அவர் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பிவிடவில்லை. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-ல் இந்தியா வந்தார், 1902-ல் வேலூரில் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாம் சிஎம்சி என்று சொல்வது அங்கிருந்து வளர்ந்தது. அந்த இரவு அவருக்கு ஒரு தேவையைக் காட்டியது. அதற்குப் பதில் சொல்ல வருஷக்கணக்கில் உடற்கூறியல் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. குடும்பத்தின் எதிர்பார்ப்பு அழைப்பு ஆகவில்லை என்பதும், அந்த எதிர்பார்ப்பின்மேல் இருந்த வெறுப்பு அழைப்பைத் தடுக்கவும் இல்லை என்பதும் இதில் எனக்குப் பிடித்த விஷயங்கள்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "அது சத்தமா, உணர்ச்சியா" என்பது அல்ல. "எந்தத் தேவை என்னை விட மறுக்கிறது?" என்று கேளுங்கள். "முழுநேர ஊழியம்" என்பது ஒரு தேவையின் பெயரே அல்ல. யாருக்கு, எங்கே, என்ன செய்ய? உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி மட்டும் உயிரோடு இருந்தது. வேலை செய்யும் இடத்தில் இரவுப் பணிக்கு வரும் பெண்கள் சிலர் தனியாக உங்களிடம் வந்து பேசுகிறார்கள், அவர்களுக்காக ஜெபிக்கிறீர்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். மேடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள், இதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நானாக இருந்தால் அளவை மாற்றி யோசிப்பேன்.

உணர்ச்சியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதைப் பரிசோதிக்க வழி உண்டு. 1521-ல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கி, சொந்த ஊரான லொயோலாவில் படுத்துக் கிடந்த இக்னாசியார் (பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கியவர்) ஒன்றைக் கண்டுபிடித்தார். வீரனாகப் புகழ் பெறுவது பற்றிக் கனவு கண்டால் அந்த நேரம் இனித்தது, பிறகு மனம் வறண்டது. பரிசுத்தவான்களைப் போல வாழ்வது பற்றி யோசித்தால் அந்த நேரமும் இனித்தது, யோசித்து முடித்த பிறகும் அமைதி தங்கியது. எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதோடு, போன பிறகு எதை விட்டுவிட்டுப் போகிறது என்றும் அவர் கவனிக்கத் தொடங்கினார். பின்னாளில் அதை ஆன்மிகப் பயிற்சியாக வகுத்தபோது ஒரு விதியும் சேர்த்தார்: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. கத்தோலிக்கர் சொன்னது என்பதற்காக நம்மவர்கள் இதை ஒதுக்க வேண்டியதில்லை, அனுபவத்தில் சரியாக இருக்கிறது.

இதை உங்கள் நிலைமைக்குப் பொருத்திப் பாருங்கள். ஊழிய எண்ணம் எப்போது பலமாக வருகிறது? மேலாளர் திட்டின அன்றா? அப்ரைசல் மாதத்திலா? பெண் பார்க்க வந்துபோன மறுநாளா? அப்படியென்றால் அது ஒரு இடத்துக்குப் போகிற ஆசையா, ஒரு இடத்திலிருந்து தப்பிக்கிற ஆசையா என்று பார்க்க வேண்டும். எல்லாம் நன்றாகப் போகிற நாளிலும், சம்பளம் ஏறின மாதத்திலும் அதே எண்ணம் அதே அமைதியோடு வந்து உட்கார்ந்தால், அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

அன்னை தெரேசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில், மடத்தை விட்டு ஏழைகள் நடுவே வேலை செய்யும்படியான தன் இரண்டாவது அழைப்பை உணர்ந்ததாகச் சொன்னார். அப்போதே அவர் லொரேட்டோ சபையில் ஏறக்குறைய பதினெட்டு வருஷமாகக் கன்னியர். கல்கத்தா பேராயர் உடனே சம்மதிக்கவில்லை, பொறுக்கச் சொன்னார், கேள்விகள் கேட்டார். ரோமின் அனுமதி வந்து அவர் வெளியேறியது 1948 ஆகஸ்டில். ரயிலில் கேட்டதை நிரூபிக்க அவர் யாரையும் மீறி ஓடவில்லை. அதைவிட முக்கியமானது அவர் இறந்த பிறகு வெளிவந்த கடிதங்கள். அந்த வேலையில் இறங்கிய பிறகு பல பத்தாண்டுகள் தேவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல் அவர் வாழ்ந்திருக்கிறார். முகாம் இரவின் சூடு தொடர்ந்து இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வேலையை விடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி கொஞ்சம் கோபமாகச் சொல்கிறேன். நம் சபைகளில் "அழைப்பு" என்றால் சம்பளத்தை விட்டுவிட்டு வருவது என்று ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருக்கும் நர்ஸுக்கு அழைப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை மைக் பிடிப்பவருக்கு இருக்கிறது! பதினாறாம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் இதைத்தான் எதிர்த்தார். மடத்தில் இருக்கிற துறவிக்கு மட்டுமல்ல, செருப்புத் தைப்பவருக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் தேவன் கொடுத்த அழைப்பு உண்டு என்றார். இதற்கு 1 கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்: அவனவன் அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்கட்டும் என்ற பகுதி. அதையும் அளவோடுதான் பிடிக்க வேண்டும். பிறந்த சாதிக்கு ஒதுக்கப்பட்ட வேலையிலேயே கிட என்று சொல்ல அந்த வசனத்தை நம் நாட்டில் யாராவது எடுத்தால், அடுத்த வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அடிமையாய் இருக்கிறவன் விடுதலையாகக் கூடுமானால் அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று பவுலே அங்கே சொல்கிறார்.

கதரேனர் நாட்டில் பிசாசிலிருந்து விடுதலையான மனுஷன் இயேசுவோடே வருகிறேன் என்று கெஞ்சினான். இயேசு வேண்டாம் என்றார். உன் வீட்டாரிடம் போய்ச் சொல் என்றார். உடன் வருகிறேன் என்று கேட்டவனைத் திருப்பி அனுப்பியதும் அழைப்புதான். அவன் போய் தெக்கப்போலி முழுவதும் சொன்னான் என்று மாற்கு எழுதுகிறார்.

வீட்டுக் கடனுக்கு வருவோம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கொர்பான் பற்றிப் பேசுகிறார். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை, "இது தேவனுக்கு நேர்ந்துகொண்டது" என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறவர்களை அவர் கண்டிக்கிறார். பக்தியின் பெயரில் பெற்றோரைக் கைவிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று சொன்னவரும் அதே இயேசுதான், அதை நான் மறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வருவது இதுதான்: பெற்றோரின் சம்மதம் கடைசித் தீர்ப்பு அல்ல, ஆனால் அவர்கள் தலையில் கடனை ஏற்றிவிட்டு நீங்கள் பரிசுத்தமாகப் போக முடியாது. எலிசா அப்பா அம்மாவுக்கு முத்தமிட்டு, ஏர்மாடுகளை அடித்து, கலப்பை மரத்திலேயே சமைத்து ஊருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் தீர்க்கதரிசி எலியாவின் பின்னே போனார். யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. போன பிறகு கிடைத்த வேலை என்ன தெரியுமா? எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்ப்பது. 2 இராஜாக்கள் மூன்றில் அவரை அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள்.

கல்யாணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: வருகிறவரிடம் இந்த எண்ணத்தை மறைக்காதீர்கள். பேச்சு முன்னேறும் முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னதும் பின்வாங்குகிறவர் பின்வாங்கட்டும்.

இப்போது யாரிடம் போவது? உங்களுக்குப் பிடித்த ஊழியக்காரரிடம் மட்டும் போகாதீர்கள், அவர் ஆம் என்றுதான் சொல்வார். உங்களை நெடுநாளாகத் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒருவராவது முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக்கூடியவராக இருக்கட்டும். மக்கெதோனியாவுக்கு வரும்படி துரோவா பட்டணத்தில் தரிசனம் கண்டது பவுல் ஒருவர்தான். ஆனால் கர்த்தர் எங்களை அழைத்தார் என்று நாங்கள் நிச்சயித்தோம் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா பன்மையில் எழுதுகிறார். அதற்கு முன் ஆசியாவிலும் பித்தினியாவிலும் வாசல் அடைபட்டதையும் அவர் மறைக்கவில்லை. லூத்தருக்குப் பின்வந்த சீர்திருத்தவாதி கால்வினும் இதையே பிரித்துச் சொன்னார்: மனதுக்குள் தேவனுக்குமுன் உணரும் அழைப்பு ஒன்று, சபை முறைப்படி கொடுக்கும் அழைப்பு இன்னொன்று. ஊழியத்துக்கு இரண்டும் வேண்டும்.

குருத்துவப் பட்டம் உங்கள் மனதில் இருந்தால், அது பெண் என்பதால் மூடிய வாசல் அல்ல. தென்னிந்தியத் திருச்சபை 1970களிலிருந்து பெண்களுக்குப் பட்டம் கொடுக்கிறது. 2013-ல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். நடைமுறையில் பேராயத்துக்குப் பேராயம் ஆர்வம் வேறுபடும் என்பதும் உண்மை. உங்கள் சபைப் போதகரிடம் பேசுங்கள், சபையின் பரிந்துரை இல்லாமல் அடுத்த படி இல்லை. அந்தத் தாமதம் எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றுகிற தாமதம்.

படிப்பைப் பொறுத்தவரை, யூடியூபில் விளம்பரம் செய்கிற எல்லா வேதாகமப் பள்ளிக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். இறையியல் பட்டங்கள் வழங்குகிற சேராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரியா என்று முதலில் கேளுங்கள். 1827-ல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்திலிருந்து வருகிற பட்டம் அது, பெரும்பாலான பாரம்பரியச் சபைகள் ஏற்கும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னையில் குருகுல், பெங்களூருவில் ஐக்கிய இறையியல் கல்லூரி என்று இடங்கள் உண்டு. வேலையில் இருந்தபடியே வெளிமாணவராக இறையியல் படிக்கவும் சேராம்பூரில் வழி இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதில்தான் தொடங்குவேன். மாலையில் களைத்து வந்து எரேமியாவைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காரும்போது உங்களுக்கே நிறையத் தெரிந்துவிடும்.

அதோடு அந்த இரவுப் பணிப் பெண்கள். வாரத்தில் ஒரு நாள், அவர்கள் நேரத்துக்கு ஏற்றபடி, ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். பிரசங்கம் வேண்டாம், கேளுங்கள். ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள். அவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவரும் இருப்பார்கள், யாரையும் வற்புறுத்த வேண்டாம். கடனில் எவ்வளவு மீதி, எப்போது முடியும், தம்பி எப்போது சம்பாதிக்க ஆரம்பிப்பான் என்று அப்பாவோடு உட்கார்ந்து தாளில் கணக்குப் போடுங்கள்; ஊழியம் என்று சொன்னதும் கோபப்பட்டவர் கணக்கு என்றால் உட்காருவார். அடுத்த கோடை வரை இப்படிப் போகட்டும். அந்த மூன்று நான்கு பேரிடம் அப்போது மறுபடி கேளுங்கள். அவர்களும் உங்கள் சபையும் சரி என்றால், கடிதத்தில் தேதியை மாற்றி அனுப்புங்கள்.